'சர்வீஸ் பில் இருக்கா?': பழைய காரின் எக்ஸ்சேஞ்ச் விலையை முடிவு செய்யும் கேள்வி

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் எந்தக் கார் ஷோரூமுக்குள் போனாலும் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். புதுக் கார் பார்க்க வந்த குடும்பம், "எங்க பழைய வண்டிக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்கும். விலை வருவதற்கு முன்பே எதிர்க்கேள்வி வரும்: "சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கா சார்?"

"எல்லாம் கரெக்டா பண்ணியிருக்கோம். பில்லுதான் எங்க வச்சோம்னு தெரியல" என்பதே பலரின் பதில். அந்த நிமிடத்தில் இருந்தே விலை இறங்கத் தொடங்கிவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு, வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் முடங்கிக் கிடக்கும் பொருள் கார்தான். அதில் 40,000, 50,000 ரூபாய் குறைந்தால், அது பிள்ளையின் ஒரு செமஸ்டர் கட்டணமாக இருக்கலாம். ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும் இந்த இழப்பு ஏன் வருகிறது? அதைத் தடுக்க முடியுமா?

சர்வீஸ் ஹிஸ்டரி என்றால் என்ன?

வண்டி எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எங்கே, என்ன வேலைக்காக நின்றது என்ற முழு வரலாறுதான் சர்வீஸ் ஹிஸ்டரி. பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. காரோடு வரும் புத்தகத்தில் சீல் குத்துவது பழைய வழக்கம். இன்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களில் எல்லாமே கணினியில் ஏறிவிடுகிறது. வண்டி எண்ணைத் தட்டினால் அந்த நிறுவனத்தின் சென்டர்களில் நடந்த வேலைகள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆகவே, சீல் குத்திய புத்தகம் மட்டும் போதாது. எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் சீல் இருந்தால் விவரமான வியாபாரிக்குச் சந்தேகம்தான் வரும். புத்தகத்துக்குப் பின்னால் பில் இருக்க வேண்டும். பில்லில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

விலை எப்படிக் குறைகிறது?

இன்சூரன்ஸ் நிறுவனம் காரின் மதிப்பை வயதை வைத்தே கணக்கிடுகிறது. ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில், ஓராண்டு தாண்டி இரண்டாண்டுக்குள் இருந்தால் 20 சதவீதமும், மூன்றாண்டுக்குள் 30 சதவீதமும், நான்காண்டுக்குள் 40 சதவீதமும், ஐந்தாண்டுக்குள் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். நீங்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றினீர்களா என்று அந்தக் கணக்கு கேட்காது.

சந்தை அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்சில் காரை எடுப்பவர் அதை வைத்து ஓட்டப் போவதில்லை. இன்னொருவருக்கு விற்கப் போகிறார். எவ்வளவுக்கு விற்கலாம் என்று முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வருவார். ரிப்பேர் செலவு, யார்டு வாடகை, லாபம், வரி என்று கழித்தபின் கடைசியில் ஒன்றைக் கழிப்பார். அதுதான் சந்தேகத்தின் விலை.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறத்தில் இரண்டு கார்கள். முதல் காருக்கு முழு ஃபைல் இருக்கிறது. வாரன்டி கொடுத்து 5 லட்சத்துக்கு விற்கலாம் என்று வியாபாரி நினைக்கிறார். உரிமையாளருக்கு 4,30,000 தருகிறார். இரண்டாவது கார் பார்வைக்கு அதேபோல்தான் இருக்கிறது, ஆனால் காகிதம் இல்லை. வாரன்டி கொடுக்கத் தைரியம் இல்லாததால் 4,70,000-க்குத்தான் விற்க முடியும். உள்ளே என்ன செலவு காத்திருக்கிறதோ என்று கூடுதலாக ஒதுக்கியும் வைக்கிறார். உரிமையாளருக்குக் கிடைப்பது 3,75,000. வித்தியாசம் 55,000 ரூபாய். இந்தத் தொகைகள் உதாரணம்தான். ஆனால் எந்த யார்டிலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

இதில் வரியும் உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் பழைய கார்கள் அனைத்துக்கும், மின்சாரக் கார்கள் உட்பட, 18 சதவீத வரி என்று முடிவு செய்தது. முழு விலைக்கு அல்ல, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் இந்த வரி. தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. நேரடி விற்பனையில் சற்றுக் கூடுதல் விலை கிடைக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் சேர்ந்து இறங்கத்தான் செய்யும். கையில் பேரம் பேச எதுவும் இல்லாதவருக்கு அடி இன்னும் பலமாக விழுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்வீஸ் ஹிஸ்டரி காரின் விலையைச் சந்தை மதிப்புக்கு மேலே ஏற்றிவிடாது. கீழே இறங்காமல் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகள்

டயர் தேய்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம். கதவில் கீறல் இருப்பதையும் பார்க்கலாம். இவற்றுக்குக் காகிதம் தேவையில்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் காகிதத்தின் மதிப்பு இருக்கிறது.

டைமிங் பெல்ட் நல்ல உதாரணம். சில இன்ஜின்களில் செயினுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் இருக்கும். குறிப்பிட்ட வருடம் அல்லது கிலோமீட்டரில் அதை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டு, ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை வரலாம். மூடிக்குள் இருக்கும் அந்தப் பெல்ட் புதிதா பழையதா என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. பில் இருந்தால் ஒரு நொடியில் கேள்வி முடிந்தது. இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டுதான் வியாபாரி விலை சொல்வார். உரிமையாளர் உண்மையிலேயே மாற்றியிருந்தாலும் அந்தச் செலவு அவருக்கு இரண்டாவது முறை விழுகிறது.

இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் இதே வகைதான். டீசல், டர்போ, ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு ஹிஸ்டரியை அதிகமாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். மின்சாரக் கார்களில் இந்த இடத்தை பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை பிடித்துக்கொள்கிறது. பேட்டரியில் எவ்வளவு திறன் மிச்சம் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாமல் விலை பேசுவது இருட்டில் பேரம் பேசுவது போலத்தான்.

கடற்கரை வண்டி என்றால்?

ஆர்.சி. புத்தகத்தில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று முகவரி இருந்தால் விவரம் தெரிந்த வியாபாரி முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். சைலன்சர், சஸ்பென்ஷன் பாகங்கள், பிரேக் டிஸ்க், கதவின் கீழ் ஓரம், பேட்டரி முனைகள், முன்பக்கம் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் இவைதான் முதலில் அடி வாங்கும். ஓடாமல் வீட்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தாலும் துரு ஏறும். "20,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பது கடலோரத்தில் முழுப் பாராட்டு அல்ல.

எனவே இந்தப் பகுதியில் வழக்கமான ஆயில் சர்வீஸ் பில்லோடு இன்னும் சில காகிதங்கள் பேசும். அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்த பில், மழைக்காலம் முடிந்ததும் அண்டர்பாடி வாஷ் செய்த சீட்டு, பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்த குறிப்பு. "கடலோர வண்டி, ஆனா பார்த்துப் பார்த்து வச்சிருக்காங்க" என்று சொல்ல வைப்பவை இவைதான்.

மாமல்லபுரம் சுற்றுலா ஊர் என்பதால் இன்னொரு கேள்வியும் வரும்: "டாக்ஸியா ஓடின வண்டியா?" வாடகை வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றிப் பதிவு செய்ய சட்டத்தில் வழி உண்டு. அதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. மாதாமாதம் சர்வீஸுக்கு வந்த தேதிகளும் வேகமாக ஏறிய கிலோமீட்டரும், அந்த வண்டி எப்படி உழைத்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையும் முடிச்சூர், தாம்பரம் சுற்றுப்பகுதி மக்களுக்கு மறக்காது. தெருவில் நின்ற கார்களின் சீட் வரை தண்ணீர். அப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதிப் பணம் தந்துவிடும். மிச்சமிருக்கும் வண்டி கைமாறும். துடைத்து, வாசனை அடித்து, புது சீட் கவர் போட்டு அது மறுபடியும் சந்தைக்கு வரலாம்.

கம்பளத்துக்கு அடியில் சேறு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் தெரியும் கறை, விட்டுவிட்டு வேலை செய்யும் பவர் விண்டோ எல்லாம் அடையாளங்கள். காகிதத்திலும் ஓர் அடையாளம் உண்டு. ஒழுங்காக சர்வீஸுக்கு வந்துகொண்டிருந்த கார் வெள்ளத்தை ஒட்டிய மாதங்களில் பல வாரம் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். பதில் நேர்மையாக இருந்து, மாற்றிய பாகங்களுக்கு பில்லும் இருந்தால் அந்தக் காருக்கும் ஒரு விலை உண்டு.

மறைமலை நகர் சொல்லும் பாடம்

சர்வீஸ் ஹிஸ்டரியின் மதிப்பு எப்போது பளிச்சென்று தெரியும்? கார் செய்த நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டுப் போகும்போது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது சொந்த அனுபவம். 1990-களில் மறைமலை நகரில் கால் ஊன்றிய ஃபோர்டு, ஐகான் தொடங்கி ஈகோஸ்போர்ட் வரை இங்கிருந்தே உருட்டி அனுப்பியது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தி முடிந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. இருந்தாலும் உரிமையாளர்கள் மத்தியில் முதலில் எழுந்த கேள்வி, "இனி என் வண்டியை யார் வாங்குவாங்க?" என்பதுதான். 2025 அக்டோபரில் அதே ஆலையில் இன்ஜின்கள் தயாரிக்கத் தமிழக அரசுடன் ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது. அது ஆலைக்கு நல்ல செய்தி. பழைய காரின் விலையை அது தூக்கிவிடாது.

இப்படிப்பட்ட காரை வாங்க வருபவருக்கு இரண்டு பயம். பாகம் கிடைக்குமா என்பது ஒன்று. உடனே பெரிய செலவு வந்து நிற்குமா என்பது மற்றொன்று. முதல் பயத்துக்கு உரிமையாளர் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு முழுப் பதிலும் அவர் கையில் இருக்கிறது. கிளட்ச் எப்போது மாற்றியது, பெல்ட் எப்போது மாற்றியது, அடுத்தது எப்போது என்று தேதியோடு காட்டினால் வாங்குபவரின் தயக்கம் பாதியாகிவிடும். நிறுவனம் போன பிறகும் காருக்கு மிஞ்சுவது உரிமையாளர் சேர்த்து வைத்த இந்தச் சாட்சியம்தான்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் மதிப்பு போய்விடுமா?

வாரன்டி முடிந்ததும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் போவது நம் ஊர் வழக்கம். செலவு குறைவு, வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இதனால் வண்டியின் தரம் குறைந்துவிடாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் அதிகமாக அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் ரிப்பேர் செய்தால் வாரன்டியே ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் உத்தரவு எழுப்பிய கேள்வி இன்றும் பொருந்தும்: கம்பெனி சென்டருக்குப் போகாதவர் என்பதற்காக ஒருவரை ஏன் தண்டிக்க வேண்டும்?

பிரச்சினை வெளி மெக்கானிக்கின் கையில் இல்லை; அவர் தரும் துண்டுச் சீட்டில் இருக்கிறது. "ஆயில், ஃபில்டர், கூலி" என்று மொத்தத் தொகையை மட்டும் எழுதிய சீட்டு, விற்கும் நாளில் உதவாது. வண்டி எண்ணும் கிலோமீட்டரும் போட்டு எழுதித் தரச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் மறுக்கப் போவதில்லை. "அண்ணே, கிலோமீட்டரும் சேர்த்து எழுதிக் குடுங்க" என்று கேட்டுப் பழக வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

* காணாமல் போன பில்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி, வண்டி எண்ணை வைத்துப் பழைய பதிவுகளை அச்செடுத்துத் தரும்படி கேளுங்கள். பல நிறுவனங்களின் செயலியிலும் இது கிடைக்கும்.

* வெளியில் செய்த வேலைகளுக்கு உதிரிபாகக் கடை பில், யுபிஐயில் பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த படம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் சேருங்கள்.

* இனி ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டரை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

* விபத்தில் வேலை பார்த்திருந்தால் மறைக்காதீர்கள். பெயின்ட் அளவெடுக்கும் கருவியிலோ பழைய பதிவிலோ தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மற்ற எல்லா பில்லும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

* எக்ஸ்சேஞ்சில் பழைய காரின் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், புதுக் காரின் தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்குவது எளிது. நேரடியாக வாங்க விரும்பும் ஒருவரிடமும் விலை கேட்டுப் பாருங்கள்.

* பில் நகலைக் கொடுக்கும்போது உங்கள் முகவரியையும் செல்போன் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

எல்லாக் காருக்கும் இது ஒரே அளவில் உதவும் என்று சொல்ல முடியாது. 12, 13 வயதான வண்டிக்குக் காகிதத்தைவிட உடம்பின் நிலைதான் முக்கியம். மூன்று முதல் எட்டு வயது வரையிலான கார்களுக்கே ஃபைலின் பலன் அதிகம்.

பொறுப்பு உரிமையாளருக்கு மட்டுமா?

பெல்ஜியத்தில் 2006-ல் இருந்து பழைய காரை விற்கும்போது 'கார் பாஸ்' என்ற சான்று கட்டாயம். ஒர்க்‌ஷாப்கள் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைப் பதிவு செய்ய வேண்டும். மீட்டரைத் திருப்பி வைத்தால் அதில் தெரிந்துவிடும். பிரிட்டனில் வருடாந்திரத் தகுதிச் சோதனையின்போது பதிவாகும் கிலோமீட்டர் கணக்கை, வண்டி எண்ணை வைத்து யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நம்மிடம் வாகன் தளத்தில் உரிமையாளர் வரிசை, கடன், காப்பீடு, புகைச் சான்று ஆகியவை தெரிகின்றன. கார் எவ்வளவு ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது மட்டும் நிறுவனங்களின் கணினிக்குள் அடைந்து கிடக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக் கார் தகுதிச் சோதனைக்குப் போவதோ 15 ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் பி.எஸ்.4, பி.எஸ்.6 கார்கள் ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குப் போகின்றன. அப்போது கிலோமீட்டரையும் பதிந்து, வாங்குபவர் பார்க்கும்படி வைக்கப் பெரிய செலவு ஆகாது. மீட்டரைத் திருப்பும் வியாபாரம் அதோடு பெருமளவு அடங்கும். உரிமையாளர் கேட்டால் முழு சர்வீஸ் பதிவையும் கட்டணம் இன்றித் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் விதி வேண்டும். பணம் கட்டி வேலை செய்தவர் அவர். அந்தப் பதிவும் அவருடையதுதான்.

2022 டிசம்பரில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும், கைவசம் உள்ள வண்டிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம். காரின் பின்கதையையும் வாங்குபவர் முன் வைக்கச் செய்வதே அடுத்த படியாக இருக்க வேண்டும்.

அதுவரை, நேர்மையாகப் பராமரித்தவரும் பராமரிக்காதவரும் ஷோரூம் மேஜையில் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். இருவரையும் பிரித்துக் காட்டுவது வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த ஃபைல் ஒன்றுதான்.